விருந்தாளிக்கு விட்ட கோப்பை

போன வருடம் நம்மவர்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வந்தார்கள், சென்னையில் இதழியல் முதுகலை படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. விளையாட்டுச் செய்தியைச் சிறப்புப் பாடமாக எடுக்கிறவர்கள் ஆய்வுத் தலைப்பைச் சொல்லலாம் என்று பேராசிரியர் கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு கிரிக்கெட் வீரரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரியநாயகி மட்டும் எழுந்து, "கபடி சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சங்ககிரிப் பக்கம் புளியம்பாளையத்தில் பிறந்து, சோளக்காட்டுக்கும் லாரி செட்டுக்கும் நடுவில் வளர்ந்த பெண்ணை இந்தச் சிரிப்பா அசைத்துவிடும்?

பேராசிரியர் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, இரக்கப்பட்டார்.

"கபடியில் எழுத என்னம்மா இருக்கிறது? இன்னார் வென்றார், இன்னார் தோற்றார், முடிந்தது கதை. அதுவும் ஒரு பெண் மைதானத்தில் போய் நின்றால் யார் பேசுவார்கள்?"

"என்கிட்டப் பேசுவாங்க சார்" என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒரு நிபந்தனை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாய் அல்லவா? அங்கே நடக்கும் ஓர் ஆட்டத்தை எழுதி அனுப்பு. நாளிதழ் ஒன்று அதை உன் பெயரோடு வெளியிட வேண்டும். வெளிவந்த பிறகு மறுப்போ திருத்தமோ எதுவும் வரக் கூடாது. வந்துவிட்டதோ, மகளிர் பத்திரிகைகளில் சமையல் குறிப்புகள் என்று ஒரு தலைப்பு காலியாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்."

சமையல் குறிப்பு! கழுத்தில் கத்தியை வைத்தது போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. "கபடிக்கே இடம் போட்டு வையுங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்புக்கு அவ்வப்போது பாடம் எடுக்க வரும் நாளிதழ் உதவியாசிரியர் ஒருவரைப் பிடித்து, விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பத்தி இடத்துக்கும் சொல்லி வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

புளியம்பாளையத்தில் சித்திரை மாதம் கபடிப் போட்டி நடத்துவது அவளுடைய சித்தப்பா செங்கோட்டையன். சங்ககிரியில் லாரி ஆபீஸ் வைத்திருந்தார். வண்டிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓடின. மனிதர் குரல் எடுத்தால் நெடுஞ்சாலையில் போகிற லாரியே ஒதுங்கும். அவருடைய மகன் காளியண்ணன்தான் ஊர் அணியின் பெரிய கை. எதிரணிக் களத்தில் மூச்சுப் பிடித்துப் பாடிப்போனால் ஒருவரையாவது தொடாமல் திரும்ப மாட்டான் என்று சங்ககிரி முழுக்கப் பேச்சு. பெரியநாயகிக்கு அவன் அண்ணன் முறை. சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மைதானத்தில் நின்று அவன் ஆடுவதைப் பார்த்துத்தான் அவளுக்குக் கபடிக் கிறுக்கே பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஆத்தூர் அணி வந்திருந்தது. நாயகி நடுவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செங்கோட்டையன் ஒரே அதட்டில் அடக்கினார்.

"எங்கூட்டுப் புள்ள இது. மெட்ராசுல பேப்பர்ல எழுதறதுக்குப் படிக்குது. எவனாச்சும் ஏதாச்சும் பேசினீங்கன்னா உங்க பேரும் நாளைக்குப் பேப்பர்ல வந்துரும், பார்த்துக்குங்க."

ஆட்டம் பிய்த்துக்கொண்டு போனது. ஆத்தூர்க்காரர்கள் ஒரு புள்ளி எடுத்தால் இவர்கள் ஒரு புள்ளி எடுத்தார்கள். நேரம் முடியப் போகிற சமயம், இரண்டு பக்கமும் சரிசமம். காளியண்ணன் பாடிப்போனான். ஓரத்தில் நின்றவன் தோளைத் தொட்டான், திரும்பினான், நடுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே நின்றான். சும்மா நின்றான். ஆத்தூர் ஆட்கள் மூன்று பேர் பின்னால் வந்து கட்டிப் பிடிக்கும் வரை, பூசை முடியக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். மூச்சை விட்டான். ஆத்தூர் வென்றது. கூட்டம் கைதட்டியது, மேளம் முழங்கியது, செங்கோட்டையன் சிரித்த முகத்தோடு கோப்பையைத் தூக்கி ஆத்தூர் அணித்தலைவர் சுப்பையன் கையில் கொடுத்தார்.

நாயகிக்கு ஒரு நிமிடம் அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. ஏனென்றால் இது அவளுக்குப் பழகிய காட்சி. போட்டி நடத்துகிற ஊர் கோப்பையை எடுத்துக்கொள்வது புளியம்பாளையத்தில் கிடையாது. கூப்பிட்ட விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பினால் ஊருக்கே கேவலம் என்பது அவர்கள் கணக்கு. இறுதி ஆட்டம் வரை உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், கடைசியில் கௌரவமாக விட்டுவிடுவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், வந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை. அவளும் இத்தனை வருடம் அதை அப்படித்தான் பார்த்தாள். அன்றைக்குத்தான் நெஞ்சில் பொட்டென்று உறைத்தது: அடியே, உன் கண் முன்னால் ஒருவன் வேண்டுமென்றே தோற்கிறான், நீ எதை எழுதப் போகிறாய்?

வெளியூருக்கு டிரங்க் கால் போட ஒரே இடம் சித்தப்பாவின் லாரி ஆபீஸ். பொழுது சாயுமுன் அவளும் சித்தப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கட்டணம் அதிகமானாலும் உடனே இணைப்புத் தரும் லைட்னிங் கால் போட்டதும் சென்னை கிடைத்தது. உதவியாசிரியர் மறுமுனையில் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். செங்கோட்டையன் மேல்துண்டால் விசிறிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

நாயகி சொன்னாள். ஊர், அணிகள், புள்ளிகள். பிறகு ஒரு மூச்சு நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கடைசிப் பாட்டில் புளியம்பாளையம் காளியண்ணன் கோட்டைத் தொடக்கூடிய தூரத்தில் இருந்தும் தொடாமல் நின்று, வேண்டுமென்றே பிடிபட்டார்."

துண்டு விசிறுவது நின்றது.

"ஏம்மா, இது பெரிய குற்றச்சாட்டு" என்றார் உதவியாசிரியர். "சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டியா? கேட்காம நான் போட மாட்டேன்."

நியாயம்தான். வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். யார் மேல் குற்றம் சொல்கிறாயோ அவரை ஒரு வார்த்தை கேள். நாயகி ரிசீவரைக் கையால் பொத்தாமல், மறுமுனைக்கும் கேட்கட்டும் என்று நீட்டிப் பிடித்தபடி திரும்பினாள். இந்த ஆபீசில் ஓடி விளையாடி, இவர் மடியில் தூங்கியவள்தான். ஆனாலும் கேட்டாள்.

"ஏனுங்க சித்தப்பா, நம்ம அணி வேணும்னே விட்டுக்கொடுத்துச்சுங்களா?"

மேசையைத் தட்டி எழுவார், இல்லை போனைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"இதென்ன சாமி கேள்வி? ஊட்டுக்கு வந்த ஒறம்பரையைத் தோக்கடிச்சு அனுப்பற பழக்கம் நமக்கு ஏது? நாலு வருசமா காளியண்ணன்தான் விட்டுக்கொடுக்கிறான். அதுக்கு முன்னாடி நான் விட்டுக்கொடுத்தேன். தாராளமா எழுதிக்கச் சொல்லு. என்ற பேரையும் போடச் சொல்லு!"

அட மனிதரே! பெருமை பொங்கச் சொன்னார். ஏதோ கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்ததைச் சொல்வது போலச் சொன்னார். மறுமுனையில் உதவியாசிரியர் சிரிப்பை அடக்குவது கேட்டது. "கேட்டுச்சு, கேட்டுச்சு. போட்டுடறேன். முடிக்க ஒரு வரி சொல்லு."

நாயகி சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். காளியண்ணன் புழுதி படிந்த உடம்போடு போகிற வழியில் ஆபீஸ் வாசலில் இறங்கிய ஆத்தூர் ஆட்களை வேனில் ஏற்றி, ஆளுக்கொரு நன்னாரி சர்பத் கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. எப்பேர்ப்பட்டவன் எங்கள் அண்ணன், நினைத்திருந்தால் இன்றைக்குக் கோப்பை யாருடையது? வாய் தானாகச் சொன்னது.

"விட்டுக்கொடுக்காமல் ஆடியிருந்தால் புளியம்பாளையமே வென்றிருக்கும்."

அந்த வரியை அங்கே ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவளும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேப்பர் வந்தது. பெரியநாயகி என்ற பெயர் அச்சில். சித்தப்பா கத்தையாக வாங்கி லாரி டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்து, "நம்ம புள்ள, நம்ம ஊரு" என்று நீட்டினார். நாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையல் குறிப்பு ஒழிந்தது, கபடி கைக்கு வந்தது என்று ஆபீசிலேயே உட்கார்ந்து வடையும் டீயுமாகக் கொண்டாடினாள்.

மதியம் ஆத்தூர் வேன் திரும்பி வந்து நின்றது.

சுப்பையன் ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை நடத்துகிறவர். பரந்த மார்பு, பேச்சு குறைவு. உள்ளே வந்தார். கோப்பையை மேசை மேல் டக்கென்று வைத்தார்.

"நாங்க என்னா பிச்சையா கேட்டோம்?"

செங்கோட்டையன் பதறி எழுந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க? உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க."

"சாப்பாடு வேணாம். ஊரு முழுக்கப் பேப்பரைக் காட்டிச் சிரிக்கிறாங்க. எங்க புள்ளைங்க தலை நிமிர முடியல. பேப்பருக்கு மறுப்பு அனுப்பலாம்னுதான் இருந்தேன்."

நாயகி எழுந்தாள். மறுப்பு என்றால் சமையல் குறிப்புதான். ஆனால் எழுதியது எல்லாம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தானே?

"நான்தாங்க எழுதினேன். மறுப்பு அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா எந்த வரி பொய்யின்னு காட்டிட்டு அனுப்புங்க."

சுப்பையன் பேப்பரை விரித்தார். விட்டுக்கொடுத்ததாக எழுதிய இடத்தைத் தாண்டினார். சித்தப்பா சொன்னதைத் தாண்டினார். விரல் கடைசி வரியில் வந்து நின்றது.

"இதாம்மா. நாங்க எப்படியும் தோத்திருப்போம்னு உனக்கு யார் சொன்னது?"

நாயகி அந்த வரியைத் திரும்பப் படித்தாள். யாரும் சொல்லவில்லை. கண்ணாலும் பார்க்கவில்லை. நன்னாரி சர்பத் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து அவளாக எழுதியது. இரண்டு வருடப் படிப்பும் அந்த ஒரு நொடியில் எங்கே போய் ஒளிந்ததோ! அவமானமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லீங்க" என்றாள்.

"ஆதாரம் எதுக்கு? ஊருக்கே தெரியுமே!" என்று செங்கோட்டையன் குறுக்கே விழுந்தார்.

"எனக்குத் தெரியல. எங்க ஆளுங்க வேன்லதான் இருக்காங்க. இப்பவே ஆடலாம். இந்தத் தடவை விருந்து உபசாரம் இல்லாம ஆடுங்க."

செங்கோட்டையன் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விருந்தாளியைத் தோற்கடிக்கக் கூடாது. ஆனால் விருந்தாளியே தோற்கடித்துப் பார் என்று கேட்கும்போது மறுப்பதும் மரியாதை இல்லையே. பாவம், அவருடைய சட்டத்தில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒறம்பரையே கேக்கறபோது ஆடித்தான் ஆவோணும். அம்மணி, நீயும் வா. ஜெயிக்கிறதையும் எழுதிப்போடு."

"எது நடந்தாலும் எழுதறனுங்க" என்றாள் நாயகி.

அரை மணியில் செய்தி பரவி, காட்டில் ஏர் ஓட்டியவனும் பம்பு செட்டில் குளித்தவனும் மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். ஊர் அணி தொடையைத் தட்டிக்கொண்டு இறங்கியது. காளியண்ணன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான். "கவலப்படாத புள்ள, உன்ற வரியை நெசமாக்கிப் போடறேன்."

முதல் பாதி அவன் சொன்னபடியே போனது. புளியம்பாளையம் முன்னால் நின்றது, கூட்டம் ஊளையிட்டது. பிற்பாதியில் ஆத்தூர்க்காரர்கள் மெல்ல மெல்ல ஏறி வந்தார்கள். சுப்பையன் சத்தம் போடாமல் கண்ணாலேயே ஆட்களை நகர்த்தினார். நேரம் முடியப் போகும்போது, முந்தைய நாள் போலவே, புள்ளி சரிசமம். முந்தைய நாள் போலவே காளியண்ணன் பாடிப்போனான்.

ஓரத்து ஆளைத் தொட்டான். திரும்பினான். கணுக்காலில் ஒரு கை விழுந்தது. உதறிவிட்டுப் போக வேண்டியதுதான், காளியண்ணனுக்கு இது ஒரு பொருட்டா என்று ஊரே நினைத்தது. அவன் உதறவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், உடம்பு தளர்ந்தது. அப்புறம்தான் இன்றைக்கு விடக் கூடாது என்ற நினைப்பு வந்தது போல வெறியோடு திமிறினான். அதற்குள் இன்னும் இருவர் மேலே விழுந்தார்கள். கையை நீட்டினான், விரல் நுனிக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இருந்தது. மூச்சு போய்விட்டது.

நாயகிக்கு அழுகை வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாத அழுகை. அவளுக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. கடைசிப் பாட்டு என்றால் விடுவது என்று நான்கு வருடம் பழகிய உடம்பு அது. கடைசி மூச்சில் திமிற அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காளியண்ணன் புழுதியிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இத்தன வருசமும் நான்தான் விட்டுக்கொடுக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன் புள்ள" என்றான்.

சுப்பையன் வந்து அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நாயகியிடம் திரும்பி, "எனக்கு இது போதும். மறுப்பெல்லாம் அனுப்பல, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு வேன் ஏறினார். இந்த முறை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஆக, அவள் தப்பித்துவிட்டாள். மறுப்பு இல்லை. பேசாமல் இருந்தால் போதும். லாரி ஆபீசில் டிரங்க் கால் கிடைத்ததும் இரண்டாவது ஆட்டத்தைச் சொல்லி முடித்தாள். உதவியாசிரியருக்கு ஏக சந்தோஷம். "பிரமாதம்மா! நேத்து செய்தியைவிட இது பெரிய செய்தி. வெச்சிடட்டுமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். எழுதிக்குங்க."

செங்கோட்டையனுக்குப் புரிந்துவிட்டது. பேராசிரியர் வைத்த நிபந்தனையை அவள் காலையில்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள். கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாஞ் சாமி. யாரு கேட்டா? அவரே பெருந்தன்மையாப் போயிட்டாரு. உன்ற படிப்பு என்னாவறது?"

"அவரு விட்டுக்கொடுத்துட்டுப் போறாருங்க சித்தப்பா. அதை நான் வாங்கிக்கவா?"

அவர் கை தானாகக் கீழே இறங்கியது.

நாயகி போனில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "விட்டுக்கொடுக்காமல் ஆடியிருந்தால் புளியம்பாளையமே வென்றிருக்கும் என்று நேற்று எழுதியிருந்தேன். அது தவறு. அப்படி எழுத என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. சொந்த ஊர் என்ற ஆசை மட்டுமே இருந்தது. இப்படிக்குப் பெரியநாயகி."

"நிச்சயமாப் போடணுமா?" என்று உதவியாசிரியர் கேட்டார். "நிச்சயமா சார்" என்றாள். குரல் கொஞ்சம்கூடத் தழுதழுக்கவில்லை.

விடுமுறை முடிந்து சென்னை திரும்பியபோது வகுப்பில் பேராசிரியரின் மேசையில் இரண்டு நாள் பேப்பரும் விரிந்து கிடந்தன. அவர் அவளை நிற்க வைத்தே கேட்டார்.

"திருத்தம் வரக் கூடாது என்று சொன்னேன். நினைவிருக்கிறதா?"

"இருக்கு சார்."

"வந்திருக்கிறதே."

"ஆமாம் சார். நானே கொடுத்தேன்."

"அப்படியானால் சமையல் குறிப்புதான். நிபந்தனை நிபந்தனைதானே?"

பின்வரிசையில் கிரிக்கெட்காரர்கள் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வழியெல்லாம் ரயிலில் யோசித்து வைத்த சமாதானங்கள் ஒன்றுகூட நாயகிக்கு நினைவுக்கு வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

"நீங்க வெச்ச நிபந்தனையே தப்பு சார். திருத்தமே வரக் கூடாதுன்னு சொன்னா, இந்த வகுப்புல எவனும் தப்பில்லாம எழுதப் பழக மாட்டான். தப்பை மறைக்கத்தான் பழகுவான். எங்க ஊரு தோக்கப் பழகின மாதிரி."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். இரண்டு பேப்பரையும் எடுத்து மடித்தார்.

"சரி. என் நிபந்தனையைத் திருத்திக்கொள்கிறேன்" என்றார். "கபடியே எழுது. ஆனால் உன் ஊரைப் பற்றி மட்டும் எழுதாதே. அதன் மேல் உனக்குப் பாசம் அதிகம்."

"எங்க ஊரைப் பத்தித்தான் சார் எழுதப் போறேன்" என்றாள் பெரியநாயகி. "பாசம் இருக்குன்னு இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுபோச்சே."